மைனஸ் எண்பதில் ஆறாவது சீசா

அத்தியாயம் 6

புதன்கிழமை காலை பத்தேகால். கொட்டாஞ்சேனைப் பக்கத்துப் பொலிஸ் நிலையம் ஒன்றில், இன்ஸ்பெக்டர் விஜேகோனின் மேசை மேல் ஒரு வெள்ளை ரெஜிபோம் ஐஸ் பெட்டி இருந்தது. எல்லோரும் அதை நாலடி தள்ளி நின்றே பார்த்தார்கள். மூடியில் சிவப்பு மையில், ஆங்கிலத்தில், 'வைரஸ். உறைநிலையில் வைக்கவும்' என்று எழுதியிருந்தது. உள்ளே இரண்டு கிலோ சாளை மீன்.

"மீன்தானே சேர்" என்று நான் சிங்களத்தில் சொன்னேன்.

"வைரஸ் போட்ட மீன் இல்லை என்று எப்படித் தெரியும் நங்கி?" என்றார் இன்ஸ்பெக்டர், அதே மொழியில். நங்கி என்றால் தங்கச்சி.

இரண்டாயிரத்தெட்டாம் ஆண்டில், கொழும்பில், ஒரு தமிழன் கையில் எது இருந்தாலும் அதற்குள் இன்னொன்று இருக்கும் என்பதே பொது நம்பிக்கை. சோதனைச் சாவடியில் மோப்ப நாயைக் கொண்டு வந்து பெட்டியை மணக்க விட்டிருக்கிறார்கள். நாய் தன் கடமையை மறந்து ஒரு மீனைத் தின்றுவிட்டது. இப்போது அந்த நாயையும் பின்பக்கம் கட்டி வைத்து, காய்ச்சல் வருகிறதா என்று ஒரு கான்ஸ்டபிள் பார்த்துக்கொண்டிருந்தார்.

என்னைப் பற்றி இரண்டு வரி. பெயர் மாக்ரெட். பிறந்தது, வளர்ந்தது, திட்டு வாங்கியது எல்லாம் கொட்டாஞ்சேனையில். வேலை, வெள்ளவத்தையில் துப்பறிவாளர் இரத்தினசிங்கத்திடம். அவர் இன்சூரன்ஸ் கம்பனியில் இருபத்தெட்டு வருஷம் இருந்தவர். எரிந்த கடையைப் பார்த்து, அது தானாக எரிந்ததா, முதலாளி எரித்ததா என்று மூக்காலேயே சொல்லிவிடுவார். சிங்களம் மட்டும் அவர் நாக்கில் ஏறவில்லை. அடையாள அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்று வேறு இருப்பதால், காவலரண்களில் அவருக்கு ஏகப்பட்ட மரியாதை. ஆகவே அவருக்கு மூளை, எனக்கு வாய் என்று வேலையைப் பிரித்துக்கொண்டோம்.

பெட்டியோடு பிடிபட்டவர் இராமர். ஹற்றன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர், நாற்பத்தைந்து வயது, கொள்ளுப்பிட்டியில் டொக்டர் சிவபாதசுந்தரத்தின் ஆய்வுகூடத்தில் எடுபிடி வேலை. விடிய முகத்துவாரத்தில் மீன் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வரும் வழியில்தான் மாட்டியிருக்கிறார். அவர் மனைவி சீனியம்மா காலை எட்டு மணிக்கே எங்கள் படியேறி வந்து, அழாமல், உட்காராமல், "எம் புருசன் திருடலைங்க" என்று மட்டும் சொன்னாள். இப்போதும் அவள் எங்கள் பின்னால் அதே முகத்தோடு நின்றுகொண்டிருந்தாள்.

மீனோடு போயிருந்தால் விஷயம் முடிந்திருக்கும். பொலிசார் மூடியில் இருந்த நம்பருக்குப் போன் போட்டுவிட்டார்கள்.

"டொக்டர் என்ன சொன்னார் சேர்?" என்று கேட்டேன்.

இன்ஸ்பெக்டர் தாளைப் பார்த்து வாசித்தார். பெட்டி ஆய்வுகூடத்துடையது, களவு போனது. அங்கே ஆறு சீசா மருந்து இருந்தது. நேற்று எண்ணினால் ஐந்துதான். அந்த ஐந்தையும் சோதித்தால் எல்லாம் செத்துப் போயிருந்தது. ஃப்ரீசர் ஒரு நிமிஷமும் நிற்கவில்லை என்பதற்கு வரைபடம் இருக்கிறது. ஆகவே யாரோ வெளியே எடுத்திருக்கிறார்கள். திறப்பு வைத்திருப்பவர்களில் இராமரும் ஒருவர்.

"நாலு மணிக்கு ஃபைல் மேலே போகும். கையெழுத்தானால் தொண்ணூறு நாள் தடுப்புக் காவல். வைரஸ் என்ற சொல்லோடு போகிற ஃபைலை மேலே ஒருவரும் வாசிக்க மாட்டார்கள் நங்கி, உடனே கையெழுத்துப் போடுவார்கள்" என்றார் இன்ஸ்பெக்டர். கெட்ட மனிதர் அல்ல. களைத்த மனிதர். "அதற்கு முன் ஏதாவது எழுத்தில் கொண்டு வந்தால் பார்க்கிறேன்."

இராமரை ஐந்து நிமிஷம் பார்க்க விட்டார்கள். கம்பிக்குப் பின்னால் வெறும் தரையில் குந்தியிருந்தார்.

"பெட்டி உம்மட கைக்கு எப்பிடி வந்தது?" என்று கேட்டார் இரத்தினசிங்கம்.

"போன பொதன்கெழம சேர்தாங்க குப்பையில போடச் சொன்னாரு. நல்ல பொட்டியா இருந்துச்சு, மீனுக்கு ஆகும்னு வச்சுக்கிட்டேன்."

"ஆறாவது சீசா எங்க?"

இராமர் வாயை மூடிக்கொண்டார். சீனியம்மா, "சொல்லித் தொலையேன்யா" என்றாள். அவர் அவளைப் பார்க்கவில்லை. நாங்கள் திரும்பும்போது மட்டும் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"ஐயா, லேப்புக்குப் போவீங்களா? போனா அந்த ஃப்ரீசர் கதவு ஒழுங்கா மூடியிருக்கான்னு பாருங்க. அந்த ரப்பர் கொஞ்சம் லூசுங்க. தோளால ஒரு அமுக்கு அமுக்கணும்."

தொண்ணூறு நாள் தலைக்கு மேல் தொங்கும்போது கதவு ரப்பரைப் பற்றிக் கவலைப்படும் மனிதரை அன்றுதான் பார்த்தேன். அதைச் சொல்லி வாய்விட்டுச் சிரிக்கவும் செய்தேன். இரத்தினசிங்கம் சிரிக்கவில்லை.

மேசைக்குத் திரும்பியதும் அவர், "மீனை ஒருக்கா வெளிய எடுக்கச் சொல்லும் பிள்ளை" என்றார். ஒரு கான்ஸ்டபிளும் அசையவில்லை. நான்தான் எடுத்தேன். அவர் பேனை முனையால் பெட்டியின் மூலையைக் கிளறி, பச்சையாக எதையோ தூக்கிப் பிடித்தார்.

"இது என்ன?"

"புல்லு."

"என்ன புல்லு?"

"சேர், நான் வேதக்காரி. எனக்குப் புல்லுன்னா மாடுதான் ஞாபகம் வரும்."

"அறுகம்புல். அதுவும் நுனியைப் பார்த்துக் கிள்ளி, நூலால கட்டினது. பிள்ளையாருக்குச் சாத்துறது." அவர் சீனியம்மாவின் பக்கம் திரும்பினார். "உன்ர மனுசன் இந்தப் பெட்டியைக் கோயிலுக்குக் கொண்டு போவாரோ?"

"மீன் பொட்டியவா? சாமி கண்ணக் குத்திப்புடும்ங்க!"

"அதுதான். கோயிலுக்குப் போன பெட்டியில பிறகு மீன் வைக்கலாம். மீன் வைச்ச பெட்டியை ஒரு சைவக்காரனும் கோயிலுக்குக் கொண்டு போகான். அப்ப, இராமரிட்ட வர முன்னமே இந்தப் பெட்டி கோயிலுக்குப் போயிட்டுது. கொண்டு போனது ஆர்?"

மூடியின் உட்புறத்தில் சுண்டு விரல் நகமளவு மெழுகு ஒட்டியிருந்ததை நான் காட்டினேன். "மெழுகுதிரி சேர்."

"பசையா இருக்கும்" என்று தட்டிவிட்டார். துப்பறிகிறவர்களுக்குத் தாங்கள் கண்டெடுத்த தடயம்தான் தங்கம். மற்றவர் காட்டினால் அது பசை. எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது, ஆனால் மணி பத்தே முக்கால் ஆகியிருந்தது.

பெட்டியைக் குப்பையில் போடச் சொன்ன டொக்டரின் வீடு வெள்ளவத்தையில்தான். அங்கே ஓட்டோ பிடித்தோம். சீனியம்மா பொலிஸ் வாசலிலேயே இருந்துகொண்டாள். வழியில் மூன்று இடத்தில் மறித்தார்கள். என் பெயரைக் கேட்டதும் சிப்பாய்களின் முகத்தில் ஒரு தெளிவு. அடுத்து அவர் பெயர். "இரத்தின... சிங்கம்" என்று வாசித்து முடிப்பதற்குள் அவரை இறக்கி, சட்டைப் பையில் இருந்த அறுகம்புல்லை எடுத்து, "மே மொகக்த?" என்று கேட்டார்கள். இது என்ன என்று.

"ஐயாவுக்கு வயிற்றுக்கோளாறு, கஷாயத்துக்கு" என்று சிங்களத்தில் சொன்னேன். அனுதாபத்தோடு விட்டார்கள். நாட்டில் எல்லோருக்கும் விளங்கும் ஒரே பிரச்சினை அதுதான்.

டொக்டரின் வீடு இருக்கும் ஒழுங்கைக்கு முன்னாலேயே ஒரு சின்னப் பிள்ளையார் கோயில். நாங்கள் போனபோது உச்சிப் பூசைக்கு மணி அடித்துக்கொண்டிருந்தது. அர்ச்சனைச் சீட்டுக் கொடுக்கும் ஜன்னலுக்குப் பின்னால் முத்துலிங்கம் என்ற பெரியவர் இருந்தார்.

"அண்ணை, கிட்டடியில ஆரும் ஐஸ் பெட்டியோட அர்ச்சனைக்கு வந்தவையோ?"

முத்துலிங்கம் கண்ணாடியைக் கழற்றினார். "ஏன் கேக்கிறியள்? இரண்டு கிழமைக்கு முந்தி, வியாழக்கிழமை. மறப்பனோ? ஐஸ் உருகி மண்டபம் எல்லாம் தண்ணி. ஒரு அம்மா சறுக்கி விழுந்தவ."

"ஆர் ஆள்?"

"கறுப்புக் கண்ணாடி, ரை கட்டின ஆள். கோயிலுக்கு வந்து பழக்கமில்லை போல. சீட்டுக்குப் பேர் சொல்லுங்கோ எண்டன். யோசிச்சுப் போட்டு, ஏ.ஏ.வி. இரண்டு எண்டார். உங்கட பேரோ எண்டன். இல்லை, பிள்ளையின்ர எண்டார். இப்ப கனடாவில எல்லாம் இப்பிடித்தானே பேர் வைக்கினம், நானும் எழுதிப்போட்டன்."

அடிக்கட்டையைப் புரட்டி எடுத்தார். நீலக் கார்பன் எழுத்தில் அழகாக இருந்தது: பெயர், ஏ.ஏ.வி. 2. நட்சத்திரம், சதயம்.

"நட்சத்திரம் எல்லாம் தெரிஞ்சு வைச்சிருக்கார்" என்றேன்.

"ஓம், உண்டான நாளைப் பஞ்சாங்கத்தில பார்த்து எழுதிக்கொண்டு வந்தவர். ஐயர் வயசு கேட்டவர். மூண்டு கிழமை எண்டு சொல்ல, ஐயர் பதறிப்போய், முப்பத்தொண்டாம் நாள் துடக்குக் கழியாத பிள்ளையை ஏன் கொண்டு வந்தனீங்கள் எண்டு ஏசினவர். பிள்ளை பெட்டிக்குள்ள இருக்கு எண்டு அந்த மனுசன் சொல்லேல்லை, நல்ல காலம்."

"எவ்வளவு நேரம் நிண்டவர்?"

"விசேஷ பூசை ஒண்டு நடந்தது. ஒரு மணித்தியாலத்துக்கு மேல பெட்டி சாமிக்கு முன்னாலதான். பூசை முடிய மணியைப் பார்த்துப் போட்டு, கொள்ளுப்பிட்டி போய்ச் சேர ராகுகாலம் துவங்கிடும், மூண்டு மணிக்குப் பிறகு உள்ள வைப்பம் எண்டு போனில ஆருக்கோ சொன்னது கேட்டது."

இரத்தினசிங்கம் அடிக்கட்டையின் போட்டோப் பிரதி ஒன்று வாங்கிக்கொண்டு, பிள்ளையாரையும் ஒரு தரம் கும்பிட்டுக்கொண்டார். நானும் கும்பிட்டேன். வழக்கில் நல்ல சாட்சி சொன்னவருக்கு நன்றி சொல்ல மதம் பார்க்கத் தேவையில்லை.

கொள்ளுப்பிட்டி ஆய்வுகூடத்தில் நாங்கள் ஏறியபோது ஒரு மணி. வரவேற்பறைச் சுவர் முழுக்க டொக்டர் சிவபாதசுந்தரம் பத்திரிகைகளில் எழுதிய கட்டுரைகள் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கின. 'மூடநம்பிக்கையிலிருந்து மூலக்கூறுக்கு' என்பது ஒன்று. 'விஞ்ஞானியின் வீட்டில் பஞ்சாங்கம் எதற்கு?' என்பது இன்னொன்று. இன்னும் ஒரு பத்திரிகை, மருந்து முயலின் கண்ணுக்கே போகாத நிலையில், பார்வை இழந்தோர் எல்லோரும் கண் விழித்துவிட்டதாகப் பாதிப் பக்கத்துக்கு எழுதியிருந்தது.

கணக்கு எழுதும் நிலந்தி எங்களை உட்காரச் சொன்னாள். ஃப்ரீசருக்குப் பொறுப்பான மஷூர் பக்கத்து அறையில் நின்று எட்டிப் பார்த்தார். டொக்டர் ரை கட்டி வந்தார். கறுப்புக் கண்ணாடி சட்டைப் பையில் இருந்தது.

"உந்த வைரஸ் எண்டது என்ன டொக்டர், எங்களுக்கு விளங்கிறமாதிரி?" என்று இரத்தினசிங்கம் பணிவாகத் தொடங்கினார். இன்சூரன்ஸ் பழக்கம். முதலில் பேச விடுவார்.

டொக்டருக்கு முகம் மலர்ந்தது. "பிறவியில பார்வை மங்கிற பிள்ளையளுக்கு ஒரு மரபணுவில பிழை. நல்ல மரபணுவைக் கண்ணுக்குள்ள கொண்டு போக ஒரு ஆள் வேணும். அதுக்குத்தான் ஏ.ஏ.வி. இரண்டு எண்ட இந்த வைரஸ். நோய் குடுக்கிற சரக்கை வெளிய எடுத்துப் போட்டு, எங்கட சரக்கை உள்ள வைக்கிறம்."

"ஆளின்ர துவக்கைப் பறிச்சுட்டு, கையில பார்சல் குடுத்து, செக்பொயின்ட்டத் தாண்டி அனுப்பற மாதிரி" என்றேன்.

டொக்டர் என்னை முதல்முறையாகப் பார்த்தார். "ஓம். கிட்டத்தட்ட. ஆனா செய்யேக்க பாதிக்கு மேல வெறுங்கோதுதான் வரும். உள்ள ஒண்டும் இராது. வெளியில பார்க்க ஒரே மாதிரி. வேகமாச் சுத்திப் பிரிச்சால் பாரமானது கீழ, கோது மேல."

"கோதெல்லாம் மேல போறது இங்க மட்டும் இல்ல டொக்டர்."

"பிள்ளை" என்று அடக்கினார் இரத்தினசிங்கம். "அப்ப சுத்தம் செய்து எடுத்தது ஆறு சீசா."

"பதினாலு மாச வேலை. மைனஸ் எண்பதில இருக்க வேணும். நாளைக்கு வெளிநாட்டு நிபுணர் சோதிக்க வாறார். இப்ப ஐஞ்சும் பாழ். உருகி உறைஞ்சு, வைரஸ் எல்லாம் ஒண்டோட ஒண்டு ஒட்டிக் கட்டியாப் போச்சு. செல்லில விட்டால் உள்ளுக்குப் போகுதில்லை. எல்லாம் அந்தத் தோட்டக்காட்டானால!"

அந்தச் சொல் எனக்குப் பொறுக்கவில்லை. எங்கள் ஆட்களே எங்கள் மலையகத்து ஆட்களைச் சொல்லும் சொல் அது. காவலரணில் கேட்கும் எதையும்விட அசிங்கமாக இருக்கும். நான் வாயைத் திறப்பதற்குள் இரத்தினசிங்கம் போட்டோப் பிரதியை மேசையில் விரித்துவிட்டார்.

"உங்கட பிள்ளைக்குச் சதய நட்சத்திரம். இப்ப ஏழரைச் சனி ஏதும் நடக்குதோ?"

டொக்டரின் முகம் முதலில் சிவந்து, பிறகு வெளுத்து, கடைசியில் சாதாரண மனித முகமாக ஆனது. நாற்காலியில் இருந்தார்.

"முதல் இரண்டு தரமும் பிழைச்சுப் போச்சு" என்றார் மெல்ல. "மூண்டாவதும் பிழைச்சால் இந்த இடத்தைப் பூட்டிப் போடுவாங்கள். மனுசி சொன்னா, ஒருக்கா... ஒரே ஒருக்காத்தான். ஐஸ் போட்டுத்தானே கொண்டு போனன்."

"சாதாரண ஐஸ் மைனஸ் எண்பதோ டொக்டர்?" என்றேன்.

"பூச்சியம்" என்றார், பரீட்சையில் தோற்ற பிள்ளையின் குரலில். உடனே நிமிர்ந்தார். "ஆனா ஒருக்கா உருகினால் ஐஞ்சும் முழுக்கச் சாகாது! கொஞ்சம் போகும், மிச்சம் நிக்கும். முழுக்கச் சாக இரண்டு மூண்டு தரம் உருகி உறைய வேணும். நான் செய்தது ஒரு தரம். அப்ப மற்றது இராமர்தான்!"

இரத்தினசிங்கம் தடுமாறியதை அன்றுதான் கண்டேன். டொக்டரைப் பிடித்தால் வழக்கு முடிந்தது என்று நினைத்திருந்தார். நான் கைப்பையிலிருந்து ஒரு கடதாசி மடிப்பை எடுத்து விரித்தேன். பெட்டி மூடியிலிருந்து நகத்தால் சுரண்டி எடுத்து வந்திருந்தேன். பசை என்றார் அல்லவா, அந்தப் பசை.

"போன கிழமை செவ்வாய்க்கிழமை கொச்சிக்கடை அந்தோனியார்ட்ட யார் போனது?" என்று பொதுவாகக் கேட்டேன். "அங்க மெழுகுதிரி ஏத்தற மேடையில பெட்டிய வச்சா இப்பிடித்தான் ஒழுகும். சின்ன வயசில இருந்து என் சட்டையெல்லாம் இப்பிடித்தான்."

நிலந்தியின் கையிலிருந்து பேனை விழுந்தது. அவள் பௌத்தப் பெண். ஆனால் செவ்வாய்க்கிழமைகளில் அந்தோனியாரிடம் போகாதவர் கொழும்பில் யார்? "ஒன்பது கிழமை நேர்த்திக்கடன்" என்று சிங்களத்தில் சொல்லி அழுதாள். "சேருக்கு உதவியாக இருக்குமே என்றுதான். பஸ்ஸில் கொண்டு போனேன். மூடியைத் திறக்கவே இல்லை."

இவ்வளவும் கேட்டுக்கொண்டு நின்ற மஷூர், யாரும் கேட்காமலே முன்னால் வந்தார்.

"அல்லாஹ்வுக்காக, சேர், கோவிச்சிடாதீங்க. சேர் கோயிலுக்குக் கொண்டு போனது எனக்குத் தெரியும். அடுத்த நாள் வெள்ளிக்கிழம. அவங்கட சாமிட்ட மட்டும் கேட்டா சரியில்ல தானே. நான் தர்கா சியாரத்துக்குக் கொண்டு போய் ஒரு துஆ கேட்டுட்டு வந்துட்டேன். ஜும்ஆத் தொழுகையும் முடிச்சுட்டு."

"ஜும்ஆ முடியும் மட்டும் மருந்து எங்க?" என்றார் டொக்டர்.

"ஸ்கூட்டர்ல, சேர். நிழல்லதான் விட்டேன்."

வியாழன் பிள்ளையார், வெள்ளி துஆ, செவ்வாய் அந்தோனியார். இருபத்தைந்து வருஷ யுத்தத்தில் எல்லா இனமும் எல்லா மதமும் சேர்ந்து, சண்டை பிடிக்காமல், ஒரே நோக்கத்தோடு செய்து முடித்த ஒரு வேலையை நான் அன்றுதான் கண்டேன். ஐந்து சீசா மருந்தையும் பூரண ஒற்றுமையோடு கொன்றிருந்தார்கள்.

"சரி, ஐஞ்சு செத்த கதை விளங்குது. ஆறாவது?" என்று டொக்டர் பிடிவாதமாகக் கேட்டார். "அது களவுதானே!"

இரத்தினசிங்கம் எழுந்து நின்றார். தடுமாற்றம் போய்விட்டிருந்தது. "கோயிலுக்குக் கொண்டு போன ஐஸ் ஆர் வாங்கினது?"

"இராமர். முதல் நாள், புதன்கிழமை, முகத்துவாரத்தில போய் வாங்கி வரச் சொன்னன். ஏன் எண்டும் சொன்னன். ஆருக்கும் சொல்லாதை எண்டும் சொன்னன். கொண்டு போகேக்க சீசாவை நான் எண்ணிப் பார்க்கேல்லை."

"அப்ப அந்த மனுசனுக்கு முதல் நாளே தெரியும். தெரிஞ்சும் உங்களை மறிக்கேலாது. நீங்கள் சேர், அவர் எடுபிடி." இரத்தினசிங்கம் ஃப்ரீசர் அறைப் பக்கம் நடந்தார். "காலமை கம்பிக்குப் பின்னால நிண்டு என்னட்டை ஒண்டே ஒண்டு கேட்டவர். இந்தக் கதவு ஒழுங்கா மூடியிருக்கோ எண்டு. ஐஞ்சும் செத்து வெளிய எடுத்தாச்சு. ஆறாவதைத் தானே களவெடுத்திருந்தால், வெறும் ஃப்ரீசர் மூடியிருந்தா என்ன, திறந்து கிடந்தா என்ன? உள்ள ஏதோ உயிரோட இருக்கு, டொக்டர். மஷூர் தம்பி, அடித்தட்டில என்ன?"

"ஒண்டும் இல்ல சேர். பழைய தட்டு, பாவிக்கிறல்ல."

"கையுறையைப் போடும். திறந்து பாரும். கெதியா."

வெள்ளைப் புகை தரையில் வழிந்தது. அடித்தட்டின் கோடியில், பனி மூடி, ஒரு மைலோ டின். மஷூர் மூடியைத் திறந்தார். கலண்டர் தாளில் சுற்றிய ஒரு சின்னச் சீசா, அதில் ஆறு என்ற இலக்கம். டொக்டர் பாய்ந்து கையை நீட்டினார்.

"தொடாதையுங்கோ! வைச்சு மூடும்!" என்று இரத்தினசிங்கம் கத்தினார். அந்த மனிதர் கத்தி நான் கேட்டதில்லை. மஷூர் டின்னை வைத்து, கதவைத் தோளால் அமுக்கி மூடினார்.

டொக்டர் அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டார். நாளைக்கு நிபுணர் வரும்போது காட்ட அவரிடம் இருக்கும் ஒரே உயிருள்ள பொருளை, அவர் தோட்டக்காட்டான் என்று ஏசிய மனிதர், டொக்டரின் பக்தியிடமிருந்து ஒளித்து வைத்திருக்கிறார். கடிதம் எழுதச் சொன்னோம். முதலில் 'தவிர்க்க முடியாத காரணங்களால்' என்று எழுதினார். கிழித்துப் போடச் சொன்னேன். இரண்டாம் தரம் 'கலாசார நடைமுறைகளின் நிமித்தம்' என்று எழுதினார். அதையும் கிழித்தோம். மூன்றாம் தரம் நான் சொல்லச் சொல்ல, சிங்களத்தில் நிலந்தி எழுதினாள்: பெட்டியை வெளியே கொண்டு போனவர்கள் நாங்கள் மூன்று பேர். குப்பையில் போடச் சொன்னது நான். மருந்து ஒன்றும் களவு போகவில்லை. டொக்டர் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டார்.

அன்று பார்த்து யாரோ பெரியவர் போகிறார் என்று 'காலி வீதி' என்ற பெருந்தெருவை முக்கால் மணி நேரம் மறித்து வைத்தார்கள். பொலிஸ் நிலையத்துக்குள் நாங்கள் ஓடியபோது மூன்று ஐம்பது. ஃபைல் கட்டி, மேலே சிவப்பு நாடாவும் போட்டாயிற்று. ஜீப் இயங்கிக்கொண்டு நின்றது.

இன்ஸ்பெக்டர் விஜேகோன் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தார். இரண்டாம் தரம் அந்தோனியார் இடத்தில் அவர் உதடு கொஞ்சம் துடித்தது. பிறகு தாளை வைத்தார்.

"நல்லது நங்கி. ஆனால் கடிதம் யாரும் எழுதலாம். அந்த ஆறாவது சீசாவை இங்கே கொண்டு வாருங்கள். சாட்சிப் பொருளாகப் பதிந்து, என் மேசை லாச்சியில் பூட்டி வைத்துவிட்டு, ஆளை விடுகிறேன்."

நான் மொழிபெயர்த்தேன். இரத்தினசிங்கத்தின் முகம் தொங்கிப்போயிற்று. சீசா வந்தால் இராமர் வெளியே, மருந்து சாவு. சீசா வராவிட்டால் மருந்து உயிர், இராமர் உள்ளே. சீனியம்மா எங்கள் இருவர் வாயையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"கொண்டு வாறம் எண்டு சொல்லும் பிள்ளை" என்றார் அவர் கடைசியில். "மனுசன்தான் முக்கியம்."

நான் அதை அப்படியே மொழிபெயர்க்கவில்லை. கதிரையை இழுத்துப் போட்டு, இன்ஸ்பெக்டருக்குக் கிட்டத்தில் போய், குரலைத் தாழ்த்தினேன்.

"கொண்டு வரலாம் சேர். ஒன்று மட்டும். அது வைரஸ். மைனஸ் எண்பதில் உறைந்து தூங்குகிறது. உங்கள் லாச்சியில் வைத்தால் அஞ்சு மணிக்குள் உருகிவிடும். பரவாயில்லையா?"

இன்ஸ்பெக்டர் லாச்சியைப் பார்த்தார். லாச்சிக்குள் அவருடைய மத்தியானச் சோற்றுப் பார்சலின் மிச்சம் இருந்தது. பின்பக்கம் கட்டியிருந்த நாய் அந்த நேரம் பார்த்து ஒரு தும்மல் தும்மியது.

"கொண்டு வர வேண்டாம்! அங்கேயே இருக்கட்டும்! ஒருவரும் அதைத் தொடக்கூடாது என்று டொக்டருக்குச் சொல்லுங்கள், இது பொலிஸ் உத்தரவு!" என்று எழுந்துவிட்டார். சிவப்பு நாடாவை அவரே அவிழ்த்தார். உருகினாலும் அந்த மருந்து ஒருவரையும் ஒன்றும் செய்யாது என்பதை நான் சொல்லவில்லை. அவர் கேட்கவும் இல்லை.

நாலு பத்துக்கு இராமர் வெளியே வந்தார். ஒரு செருப்பைக் காணோம். வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, முதலில் மஷூர் கதவை அமுக்கி மூடினாரா என்று கேட்டார். மூடியாயிற்று என்றதும்தான் மனைவி பக்கம் திரும்பினார்.

இரத்தினசிங்கத்துக்கு மனம் ஆறவில்லை. "ஏன் காணும், காலமையே எனக்குச் சொல்லியிருக்கலாமே? சீசா இன்ன இடத்தில இருக்கு எண்டு ஒரு சொல்லு!"

"சொல்லியிருந்தா பொலிசு அப்பவே கொண்டாரச் சொல்லியிருக்கும்ங்க. மேசையில வச்சு ஆளாளுக்குத் தூக்கிப் பாத்திருப்பாங்க." இராமர் வெட்கத்தோடு சிரித்தார். "நான் மூணு மாசம் உள்ள கெடந்தாலும் கெட்டுப் போக மாட்டேங்க. அது மூணு மணி நேரம் தாங்காது. பச்சப் புள்ளைங்க கண்ணுக்குன்னு சேர் சொன்னாரே, நான் நம்புனேன்."

வாய்தான் என் வேலை, அது அன்று வேலை செய்யவில்லை. இப்படி ஒருவரை இந்த ஊர் எப்படி உள்ளே தள்ளத் துணிந்தது என்று ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

சீனியம்மா அழவில்லை. காலையிலிருந்து வைத்திருந்த அதே முகத்தோடு புருஷன் முன்னால் போய் நின்றாள்.

"மூணு மாசமா? மூணு மாசம்னு எழுதி உள்ள போனவன்ல, மூணு மாசத்துல வெளிய வந்தவன் ஒருத்தன் பேரு சொல்லு பாப்போம்."

இராமர் யோசித்தார். இரத்தினசிங்கம் தரையைப் பார்த்தார். நானும் கொட்டாஞ்சேனையில் எனக்குத் தெரிந்த தெருக்களையெல்லாம் ஒவ்வொரு வீடாக மனதுக்குள் நடந்து பார்த்தேன். ஒரு பெயரும் வரவில்லை. ஜீப்பின் எஞ்சினை யாரோ நிறுத்தினார்கள். சீனியம்மா புருஷனின் சட்டைக் கையைப் பிடித்தாள். பஸ் வரும் வரைக்கும் விடவில்லை.